இருபதாவது பலகை

சங்ககிரி லாரிக்காரர்கள் எதை நம்பாவிட்டாலும் எடைமேடையை நம்புவார்கள். சாமியிடம் பூக்கேட்டு, பூ விழுந்த பிறகும் மனசு கேளாமல் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிற ஊர்தான் அது. ஆனால் புறவழிச்சாலை ஓரத்து எடைமேடையில் நாச்சிமுத்து கண்ணாடி ஜன்னலைத் தள்ளி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த எடைமேடைதான், ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, செங்கோடனின் பழைய பள்ளிக்கூட வேனுக்குள் ஒரு பலகை மாட்டியதும் வண்டியின் எடை நூற்று முப்பது கிலோ குறைந்துவிட்டது என்று சொன்னது.

செங்கோடன் முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். குவாஹாத்திக்குக் கம்பி ஏற்றிக்கொண்டு போய்த் தேயிலை ஏற்றிக்கொண்டு வந்தவர், ஸ்ரீநகரில் ஆப்பிளுக்காகப் பதினெட்டு நாள் வரிசையில் கிடந்தவர், இந்தியாவின் எந்த ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நல்ல சோறு கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அவர் மனைவி பாவாயிக்குத் தெரிந்த ஊர்களோ திருச்செங்கோடும், பவானி கூடுதுறையும், ஈரோட்டு ஆஸ்பத்திரியும் மட்டும்தான். அடுத்த நடைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒவ்வொரு நடைக்கும் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த நடையில் ஏதாவது அவசர லோடு வந்துவிடும். கடைசியில் அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மூன்றே மாதத்தில் பாவாயி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. உயிர் இருந்தது, சிரிப்பு இருந்தது, கால் மட்டும் திரும்பவில்லை.

பாவாயி வாட்டசாட்டமான பெண். சக்கர நாற்காலியிலிருந்து காருக்குள் அவளை ஏற்ற நாலு ஆம்பளை வேண்டும். ஒரு கல்யாணத்துக்காகத் தெருக்காரர்கள் நாலு பேர் அப்படித் தூக்கி ஏற்றி, மறுபடியும் தூக்கி இறக்கினார்கள். வீட்டுக்கு வந்து சேலையைச் சரிசெய்துகொண்டு அவள் செங்கோடனிடம் சொன்னாள்: "நாலு பேரு தூக்கற நாளு எல்லாருக்கும் ஒண்ணு வருமுங்க. எனக்கு அது ஒருக்கா வந்தாப் போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு நாலு வருஷமாக வாசல்படியைத் தாண்டவில்லை.

அதனால்தான் செங்கோடன் அந்த வேனை வாங்கினார். பின்பக்கம் சரிவுப்பலகை வைத்து நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றிவிடலாம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு யார் தூக்குவது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. முப்பத்தாறு வருஷ ஸ்டியரிங் அவர் முதுகுத்தண்டைத் தின்றிருந்தது. கேஸ் சிலிண்டரையே அவரால் நகர்த்த முடியாது. யோசித்தால் வண்டி வேலை நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்வேலைக்கு எஸ்தரிடம் விட்டார். எடைமேடைக்கு அடுத்த கொட்டகைதான் அவளுடையது. முப்பத்தெட்டு வயது, காதில் எப்போதும் பென்சில், பேச்சு ரொம்பக் குறைவு. படுக்கை வசதி பஸ்களுக்கு உள்ளே பலகை அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். வேனின் இருக்கைகளைக் கழற்றி எறிந்தாள், துருவைச் சுரண்டிச் செம்மண் நிற பிரைமர் அடித்தாள், தகரத்தின் விலா எலும்புகள் மாதிரி நின்ற இரும்புச் சட்டங்களின் மேல் ரீப்பர் கட்டைகளை முடுக்கினாள், நடுவில் வெயில் தாங்கத் தெர்மாகோலைத் திணித்தாள். வேனின் சுவர் நேராக இருக்காது, வயிறு மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவை அட்டையில் வெட்டி எடுத்து, அட்டையைப் பலகையில் வைத்துக் கோடு போட்டு, அறுத்து, ஓரத்தை இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்து மாட்டுவாள். இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஏழு, கூரைக்கு ஐந்து, பாவாயியின் கட்டில் தலைமாட்டுக்கு ஒன்று, ஆக இருபது பலகை என்று கணக்கு.

எதை ஏற்றினாலும் எடை போட்டுப் பார்ப்பது செங்கோடனின் பழக்கம். வெறும் வண்டி இரண்டாயிரத்து நானூற்று எண்பது கிலோ. முதல் பலகையை, ஒன்பது கிலோ இருக்கும், ஆறு திருகாணி போட்டு முடுக்கிவிட்டு வண்டியை மேடையில் ஏற்றினால் இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது என்றது. நாச்சிமுத்து வெளியே வந்து மேடையைச் சுற்றி நடந்தார், முத்திரை போட்ட எடைக்கற்களை வைத்துச் சோதித்தார், கற்கள் சரியாக இருந்தன. பிறகு தானே மேடையில் ஏறி நின்று பார்த்தார், அவரும் சரியாக இருந்தார். இரண்டாவது பலகைக்கு இன்னொரு நூற்று முப்பது குறைந்தது. மூன்றாவதுக்கும் அப்படியே. வண்டிதான் குறைகிறது என்று நாலாவது பலகையில் ஊர் ஒத்துக்கொண்டது.

ஏன் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பலகை டிப்போவில் போய் விசாரித்தார்கள். அதே அடுக்கிலிருந்து போன பலகையில் மூன்று வீட்டுக்குக் கதவு செய்திருந்தார்கள், அந்தக் கதவுகள் கதவு மாதிரிதான் இருந்தன. அதிக பாரத்துக்காக அடிக்கடி மாட்டிக்கொள்கிற ஒரு லாரி முதலாளி, தன் டிரெய்லர் முழுக்கப் பலகை அடித்துத் தரச்சொல்லி எஸ்தரிடம் வந்து நின்றார்; அடித்துப் பார்த்தாள், டிரெய்லர் முந்நூறு கிலோ கூடியது. அதோடு காரணம் தேடுவது ஓய்ந்தது. லாரி ஊருக்குக் காரணத்தைவிட உபயோகம் முக்கியம்.

உபயோகம் சீக்கிரமே தெரிந்தது. பத்தாவது பலகை ஏறிய அன்று பக்கத்துக் காட்டு வெள்ளாடு ஒன்று வேனுக்குள் தாவியது; தாவியது கீழே வரவில்லை. கூரையில் மெல்ல முட்டி, கால்களை மடக்கிக்கொண்டு, நாச்சிமுத்து ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் எடுத்துத் தரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே போகிற எதுவும் பாரமில்லாமல் போகிறது என்று அப்படித்தான் ஊர் கண்டுகொண்டது. மறுநாள் முதல் ஜனம் வரத் தொடங்கியது. மூட்டு வலிக்காரர்கள் வந்தார்கள், ஆறு மணி நேரம் நின்றபடியே தறிக்குப் பாவு நூல் பிணைக்கிற தறிக்காரர்கள் வந்தார்கள், ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்தி தினமும் மதியம் வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒரு மணி நேரம் சந்தோஷமாகத் தூங்கிவிட்டுப் போனாள். காலையில் எஸ்தர் வேலை செய்வாள், மதியம் பெண்கள், சாயங்காலம் டிரைவர்கள். யாரும் சட்டம் போடவில்லை, தானாக அமைந்துவிட்டது. கரும்புச்சாறு வண்டி ஒன்று வந்து நின்றது. வெளியே வருகிறவர்களுக்குத் தங்கள் எடை திரும்பி வரும்போது கொஞ்சம் தள்ளாடும் என்பதால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பியை யாரோ ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

பதினைந்தாவது பலகையில் காற்று வேனை நகர்த்த ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் தார்ப்பாய்க் கயிற்றைக் கொண்டுவந்து புளியமரத்தில் ஒரு முனை, கொட்டகைத் தூணில் ஒரு முனை என்று இழுத்துக் கட்டினார்கள். முடிச்சு என்றால் அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டாம். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகிற எவரும், ரேஷன் கடைக்குப் போகிறவரானாலும் கோயிலுக்குப் போகிறவரானாலும், ஒரு நிமிஷம் நின்று கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பத்தொன்பதாவது பலகை ஏறியபோது வண்டியின் எடை பத்துக் கிலோ, ஒரு ஆட்டுக்குட்டியின் எடை. இன்னும் ஒரு பலகை பாக்கி.

அன்று சாயங்காலம் புளியமரத்தடியில் ஊர் கூடியது. பத்துக் கிலோவாவது மிச்சம் இருக்கட்டும், அதோடு நிறுத்திக்கொள்வோம் என்றார் நாச்சிமுத்து. மைனஸ் கிலோ என்று ஒரு சீட்டைத் தன் கையால் அடித்துத் தருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பலபேர் அதை ஆமோதித்தார்கள். வண்டி இங்கேயே இருந்தால் ஊருக்கும் நல்லதுதானே என்று ஒருவர் சொன்னார். அதை எல்லோருமே நினைத்திருந்தார்கள். கடைசியில் எஸ்தர்தான் காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டு, தலைமாட்டில் வெறும் தகரம் இருக்கிறது, இந்த வெயிலுக்கு அந்தத் தகரத்தில் தோசை வார்க்கலாம், அதை அப்படியே விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். வண்டி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவளையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

செங்கோடன் வீட்டுக்குப் போனபோது பாவாயி நாற்காலியில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வேனுக்குள் இருந்துவிட்டு வந்த கதையைத்தான் சொல்லியிருந்தார்கள். முழங்கால் எப்படி இருந்தது, முதுகு எப்படி இருந்தது, கழுத்துத் தாலிக்கொடிகூடப் பஞ்சு மாதிரி மிதந்தது என்றெல்லாம் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாள், எல்லோருக்கும் காப்பி போடச் சொன்னாள், தான் வருகிறேன் என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. செங்கோடன் கூட்டத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அவள் வெங்காயத்தை விடவில்லை.

"ஊர்ல அத்தனை பேரும் உக்காந்து பார்த்துட்டாங்க, என்னையத் தவுர," என்றாள் பிறகு. "அந்தக் கடைசிப் பலகைய என்ற கண்ணு முன்னாலதான் அடிக்கோணும். ஆனா என்னையத் தூக்க ஒருத்தரும் வரக்கூடாதுங்க மாமா."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேன் அவர்கள் தெருவுக்குள் வந்தது. எஞ்சினைப் போடவில்லை, எஸ்தர் ஒரு கையால் பம்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், நாலு பக்கமும் நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திருவிழாத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மாதிரி கவனமாக நடந்து வந்தார்கள். வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்து சரிவுப்பலகையை இறக்கினார்கள். செங்கோடன் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினார். வாசல்படியில் ஒரு தடவை முட்டியது, நாலு வருஷத்துப் படி அது. பிறகு சரிவில் ஏறியது. முன்சக்கரம் வேனின் விளிம்பைத் தாண்டியதும் கைப்பிடியில் இருந்த பாரம் போய்விட்டதை அவர் கை முதலில் உணர்ந்தது. பின்சக்கரமும் ஏறியபோது அவர் உடம்பே நிமிர்ந்துகொண்டது, நெடுநாளாக முதுகில் உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போன மாதிரி.

பாவாயி சுற்றிலும் பார்த்தாள். பலகைகளின் மேல் மெழுகு மினுங்கியது. அவள் முந்தானை தானாக மேலே எழும்பியது, அவள் அதைப் பிடித்துச் செருகிக்கொண்டாள்.  செங்கோடன் குனிந்து, ஒரு கையை அவள் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்துத் தூக்கினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவளை அப்படித் தூக்கியதில்லை, கூட்டுக்குடும்பம், கூச்சம். பொரி மூட்டை மாதிரி வந்தாள். கட்டில் ரெண்டு எட்டில் இருந்தது. அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

"இறக்கி விட்டறாதீங்க," என்றாள் பாவாயி.

அவர் இறக்கவில்லை. வாசலில் நின்ற ஜனம் முழுவதும் அந்தச் சமயத்தில் தற்செயலாக வேறு பக்கம் பார்த்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள், நாச்சிமுத்து எதிர்வீட்டு முருங்கை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணினார், எஸ்தர் ஏற்கனவே இழைத்து முடித்த பலகையை எடுத்து மறுபடி இழைத்தாள்.

கடைசிப் பலகையை எஸ்தர் தலைமாட்டில் பொருத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து திருகாணியை முடுக்கினாள். ஆறாவதுக்குத் திருப்புளியைப் பாவாயி கையில் கொடுத்தாள். பாவாயி, கட்டிலுக்கு மேலே அரை அடி உயரத்தில் சாவகாசமாக மிதந்தபடி, திருகினாள். கடைசிச் சுற்றில் வேன் எழும்பியது. கயிறுகள் விறைத்தன. தெருவில் இருந்த அத்தனை பேரும் ஓடிவந்து கயிற்றில் கை கொடுத்தார்கள். வேன் மாடிக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்குப் போய் அங்கே அசைந்துகொண்டு நின்றது. மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பாவாயி ஜன்னல் வழியாக நலம் விசாரித்தாள். செங்கோடன் பழக்கதோஷத்தில் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இடது பக்கம் ஒடித்தார், வேனின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் ஒடித்தார், வலது பக்கம் திரும்பியது. ஆறாவது திருகாணியை ரெண்டு சுற்றுத் தளர்த்தினால் வண்டி இறங்குகிறது, முடுக்கினால் ஏறுகிறது என்று அரைமணி நேரத்தில் பாவாயி கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு திருப்புளியை அவள் யாரிடமும் தரவில்லை.

வண்டியைப் பதிவு செய்து தர வந்த ஆய்வாளர் நல்ல மனிதர், ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில் மைனஸ் போட இடமில்லை. வேனுக்குள் ஏறி உட்கார்ந்து யோசித்தார். நாள் முழுக்க ரோட்டில் நிற்கிற வேலை அவருக்கு; யோசனை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது, இன்னும் ஐந்து நிமிஷம் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு இறங்கி வந்து, உள்ளே என்ன நடக்கிறது என்பது குடும்ப விஷயம், ரோட்டில் போகும்போது நாலு சக்கரமும் ரோட்டைத் தொட வேண்டும், தனக்கு அது போதும் என்றார்.

திருகாணியைத் தளர்த்தி இறக்கினாலும் வண்டி பத்துக் கிலோதான், காற்றுக்கு நகர்ந்துவிடும்; உள்ளே எதை வைத்தாலும் பாரமிருக்காது. ஆனால் பெயிண்டர் கூரைமேல் ஏறி நின்றபோது வண்டி கொஞ்சம் தாழ்ந்ததை எஸ்தர் கவனித்திருந்தாள். வெளியே கூரைமேல் கேரியர் அடித்து அதில் பாரம் ஏற்றினால் போதும். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு ஒரு தேய்ந்த பிரேக் டிரம் கிடக்கும். கதவுக்கு அண்டை கொடுத்திருப்பார்கள், கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், துளசி வைத்திருப்பார்கள். அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று உருண்டு வந்தது. வண்டி இங்கேயே இருக்கட்டுமே என்று புளியமரத்தடியில் சொன்னவர் இரண்டு கொண்டுவந்தார். அந்தக் கர்ப்பிணிக்குப் பெண் குழந்தை பிறந்து எட்டு நாள். அவள் புருஷன் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். முப்பது டிரம் ஏறியதும் நாலு டயரும் ரோட்டில் அழுந்தின. நாச்சிமுத்து எடை போட்டு, கூட்டல் குறியோடு ஒரு சீட்டு அடித்துத் தந்தார்.

புறப்பட்ட அன்று ஊர் வழியனுப்பியதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுச்சோறு மட்டும் பதினோரு வீட்டிலிருந்து வந்தது. முதல் நாள் கொல்லிமலை என்று பாவாயி சொல்லியிருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளைச் செங்கோடன் ஒவ்வொன்றாக ஒடித்து ஒடித்து ஏற, பாவாயி ஜன்னலோரம் மிதந்தபடி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். உச்சியில், மலை விளிம்பை ஒட்டி ஒரு டீக்கடை. செங்கோடன் டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். டீ டம்ளரை விட்டுக் கொஞ்சம் எழும்பியது, அவள் அதை வாயால் எட்டிப் பிடித்தாள். கீழே தூசூரும் ஏரிகளும் நாமக்கல் பாறையும் அதற்கப்பால் காவிரியும் வெயிலில் கிடந்தன.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மேலே இருக்கிற பாரத்தை இறக்கச் சொல்லலாமா என்று அவள் கேட்டாள். செங்கோடனுக்குப் புரிந்தது. அவர் போய் டீக்கடையில் இருந்தவர்களிடம் சொன்னார். மலைக்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை. எட்டுப் பேர் வந்து, முப்பது டிரம்மையும் இறக்கிக் கடை வாசலில் வரிசையாக அடுக்கினார்கள். ரோஜா வைத்தால் நன்றாக வரும் என்று பாவாயி ஜன்னல் வழியாகக் கடைக்கார அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா, வேர் அழுகாதா என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி தரையிலிருந்து ஒரு சாண் மேலே வந்திருந்தது. செங்கோடன் ஓடிவந்து ஏறிக் கதவைச் சாத்தினார்.

பாவாயி தலைமாட்டுப் பலகையில் ஆறாவது திருகாணியை முடுக்கினாள். டீக்கடையின் தகரக்கூரை கீழே போயிற்று, சில்வர் ஓக் மரங்களின் உச்சி கீழே போயிற்று, மலை விளிம்பு அவர்களுக்குப் பின்னால் போயிற்று. முன் கண்ணாடியில் ரோடு இல்லை. மைல்கல் இல்லை, பாலம் இல்லை, முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு ஊரிலும் ஒருவரிடமும் வழி கேட்காத செங்கோடன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம் போகோணும் பாவாயி?" என்று கேட்டார்.

அவள் திருப்புளியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் ஒருமுறை மிதந்து போய்விட்டு வந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றாள். "எல்லாப் பக்கமும் பார்த்துட்டுச் சொல்றேன்."